கொம்பையா அண்ணாச்சி கட்டின ஸ்பீக்கர் பெட்டி

என் கடைக்கு வர்ற கஸ்டமரை வெரட்டி விடுறதுக்குன்னே ஒருத்தர் தினமும் காலையில வந்து உக்காந்துக்குவாரு. பேரு கொம்பையா. பழைய கார் புரோக்கர்னு சொல்லிக்குவாரு. அவரு வித்துக் குடுத்த காரு ஒண்ணைக்கூட நான் பாத்ததில்லை. வாங்கினவங்களால அதை என் கடை வரைக்கும் ஓட்டிக்கிட்டு வந்து சேர முடியலைன்னு நெனைக்கிறேன்.

கடை பாளையங்கோட்டையில, பைபாஸ் ரோட்டோரம். கார் சீட்டு கவர் தைக்கிறது, செட்டு ஸ்பீக்கர் மாட்டுறது என் தொழில். எம் பேரு மைதீன், பாய்னு கூப்பிடுவாங்க. அண்ணாச்சிக்கு என் கடையில என்ன வேலைன்னு கேட்டா, ஃபேன் காத்து வாங்குறது, என் பேப்பரை எனக்கு முன்னால படிக்கிறது, வர்றவங்ககிட்ட வாயளக்கிறது. கேக்குறவங்க ரெண்டு ரகமாப் பிரிவாங்க. ஒரு ரகம் அவரு சொன்னதை நம்பி வீட்ல போய் எதையாவது செஞ்சு பொகைய விட்டுட்டு வரும். இன்னொரு ரகம் நானும் அவருக்குக் கூட்டாளின்னு நெனச்சுக்கிட்டுத் திரும்பவே வராது.

ஒரு சனிக்கிழமை மதியம் பியூலா டீச்சர் அவங்க அப்பாவைக் கூட்டிக்கிட்டு ஆட்டோவுல வந்து இறங்கினாங்க. பக்கத்து ஸ்கூல்ல சயன்ஸ் டீச்சர். அப்பா பேரு தேவசகாயம். வாடகைக் கார் ஓட்டினவரு. இப்ப ரெண்டு கண்ணும் மங்கிப் போச்சு, நெழலு வெளிச்சம்தான் தெரியும். டீச்சர் கையைப் பிடிச்சு நாற்காலியில உக்கார வெச்சாங்க. அவரு கைத்தடியை முழங்கால் இடுக்குல நிறுத்திக்கிட்டு, "இது எங்காரு ஸ்பீக்கரே இல்லை"ன்னாரு. வணக்கம் கிணக்கம் ஒண்ணும் கிடையாது.

டீச்சர் பையில இருந்து ரெண்டு ஓவல் ஸ்பீக்கரையும் ஒயரோட ஒரு ஆம்ப்ளியையும் எடுத்து மேஜையில வெச்சாங்க.

"அப்பாவோட காரை ஓடாதுன்னு காயலான் கடைக்குக் குடுத்துட்டோம் பாய். இந்த ஸ்பீக்கர் மட்டும் வேணும்னு சொன்னாங்க, கழட்டி வாங்கிட்டு வந்தேன். எலக்ட்ரீசியன் வந்து இந்த ஆம்ப்ளியில கனெக்‌ஷன் குடுத்து செல்ஃபு மேல வெச்சுட்டுப் போனாரு. பாட்டு கேக்குது, தாளம் கேக்கலை. மிருதங்கம் இருக்கிற இடத்துல யாரோ தீப்பெட்டியைத் தட்டுற மாதிரி இருக்கு. அப்பா என்னடான்னா, காயலான் கடைக்காரன் ஸ்பீக்கரை மாத்திட்டான், நான் ஏமாந்துட்டேன்னு ஒரே சண்டை. வீட்ல சரியாச் சாப்பிடக்கூட மாட்டேங்கிறாங்க."

"படிச்சு என்ன புண்ணியம்?"னாரு பெரியவர், சுவத்தைப் பாத்துக்கிட்டு. "இரும்புக் கடைக்காரன் ஏச்சுப்புட்டான்."

நான் ஸ்பீக்கரைத் திருப்பிப் பாத்தேன். காகிதம் கிழியலை, காந்தம் நல்லா இருக்கு. "ஸ்பீக்கர்ல குத்தம் இல்லை டீச்சர். கார்ல இருக்கும்போது டிக்கி அதுக்குப் பெட்டியா இருந்துச்சு. வீட்ல அதை அம்மணமா வெச்சிருக்கீங்க. முன்னால வர்ற சத்தமும் பின்னால வர்ற சத்தமும் கலந்து பாஸை, அதான் அந்தக் கும்முங்கிற அடிச்சத்தத்தை, அமுக்கிரும். ஒரு பிளைவுட் பெட்டி செஞ்சு, சந்து இல்லாம அடைச்சு, உள்ள கொஞ்சம் பஞ்சு வெச்சாப் போதும். அளவான பெட்டி என்கிட்டயே ரெண்டு கெடக்கு. உக்காருங்க, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாம்."

இதோட முடிஞ்சிருக்கணும். பேப்பருக்குப் பின்னால இருந்து ஒரு சிரிப்பு வந்துச்சு.

"பிளைவுட்டாம்"னாரு கொம்பையா அண்ணாச்சி. பேப்பரை மடிச்சு இடுப்புக்குக் கீழ வெச்சு அது மேலயே உக்காந்துக்கிட்டாரு. "டீச்சர், கார் ஸ்பீக்கர்ல பாஸ் எடுக்கத் தெரிஞ்ச ஆளு இந்த ஜில்லாவுல ஒருத்தன்தான். அவன் ஒங்க முன்னால உக்காந்திருக்கான்."

சொரிமுத்து எந்திரிச்சு நின்னு சுத்திமுத்தும் பாத்தான். அவன் ஸ்கூல் வேன் டிரைவர், வேன் செட்டு ரிப்பேருக்காகக் காத்துக்கிட்டிருந்தான். "எங்க அண்ணாச்சி, ஆளைக் காணும்?"

"எலேய், நீயெல்லாம் ஹாரன் அடிக்கதுக்கு மட்டும் பொறந்தவன். சும்மா இரு." அண்ணாச்சி டீச்சர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டாரு. "என் பக்கத்து வீட்டுக்காரரு கனகசபாபதி, பேங்க் மேனேஜரா இருந்தவரு. உத்தியோகம் போச்சு, மூஞ்சி போகலை. இன்னைக்கும் யாரைப் பாத்தாலும் லோனு கேட்டு வந்தவனைப் பாக்க மாதிரியே பாப்பாரு. அவரு மவன் வெளிநாட்டுல இருந்து ஒரு செட்டு அனுப்பியிருந்தான். ஆளு ஒசரத்துக்கு ஸ்பீக்கரு. அதுல சாமி பாட்டுப் போட்டா சாமியே பயந்து ஓடிப் போவும், அவ்வளவு பெருமை அவருக்கு. நான் ஒரு ஆக்சிடென்டு கார்ல கெடந்த ரெண்டு ஸ்பீக்கரக் கழத்தியாந்து செல்ஃபுல வெச்சுப் போட்டேன். ஒங்க வீட்டுக் கததான், கீச்சுக் கீச்சுன்னு. இந்த மனுசன் மதிலுக்கு மேல தலைய நீட்டி, 'என்ன கொம்பையா, வீட்ல கொசு சாஸ்தியோ?'ன்னு கேட்டாரு. கேட்டதோட போயிருந்தா சரி. ஒரு கொசுவத்தியக் கொளுத்தி மதிலு மேல வெச்சிட்டுப் போனாரு! எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

"பொகையா இருந்திருக்கும்"னான் சொரிமுத்து.

"மானம் போச்சுலே! அன்னைக்கே எங்க வீட்டு வாசக் கதவக் கழத்துனேன்."

டீச்சர் நிமிந்தாங்க. "கதவையா? எதுக்கு?"

"பெட்டி செய்யதுக்குத்தான். பாய் காட்டுத பிளைவுட்டெல்லாம் ஒரு மரமா? மரத்தூளுக்குச் சட்ட போட்டு விட்டிருக்கான். எங்க கதவு எங்க பூட்டன் காலத்துத் தேக்கு. தட்டுனா கோயில் மணி மாதிரிப் பேசும்."

நான் அந்த மரத்தூளு மேலதான் ஓவலா கோடு போட்டுக்கிட்டிருந்தேன். கட்டிங் மிஷினை ஓட விட்டேன். அதோட எரைச்சல்ல அவரு பேச்சு அமுங்கிப் போவும்னு ஒரு ஆசை. மனுசன் மிஷினை விடச் சத்தமாப் பேசினாரு.

"வாசல் தொறந்தே கெடந்தா திருடன் வர மாட்டானா?"ன்னு டீச்சர் கேட்டாங்க. டீச்சர் இல்லையா, கேள்வி கேக்காம இருக்க முடியலை.

"வந்தான். நல்ல நேரத்துல வந்தான். நான் பெட்டிய முடிச்சு மொதத் தாளத்தப் போடுதேன், அவன் வாசப்படியில கால வைக்கான். பாஸ் நேரா அவன் நெஞ்சுல போயி முட்டி, பின்னாலயே தள்ளிக்கிட்டுப் போயி, தெருமுக்குல இருக்க போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சுல உக்கார வெச்சிட்டுத் திரும்பி வந்துச்சு."

"எது திரும்பி வந்துச்சு?"

"பாஸ்தான் டீச்சர். பின்ன அங்கனயேவா இருக்கும்?"

டீச்சர் என்னைப் பாத்தாங்க. நான் ஓட்டையைப் பாத்தேன். பெரியவர் மட்டும் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. ஆனா காது இந்தப் பக்கம்தான் இருந்துச்சு.

பெட்டியில ஸ்பீக்கரை வெச்சு, ஓரத்துல சந்து தெரியாம சிலிக்கான் பூசினேன். அப்புறம் ஒரு கைப்பிடி பஞ்சை எடுத்துப் பிரிச்சு உள்ள போட்டேன். "திணிக்கக் கூடாது டீச்சர். இப்படி லேசா உதிர்த்து விட்டாப் போதும்."

"கைப்பிடியா?" அண்ணாச்சிக்கு அப்படி ஒரு எளக்காரம். "காதுல வைக்கவா? நான் எங்க மெத்தையப் பிரிச்சேன். பத்தலை. தலகாணியப் பிரிச்சேன். பத்தலை. எம் மாமியா வீட்டுக்குப் போயி, அவுக படுத்திருக்கையிலேயே அடியில கைய விட்டு உருவியாந்தேன். எம் பொண்டாட்டி அன்னையிலருந்து தரையிலதான் படுக்கா. இதுவரைக்கும் முதுகு வலின்னு ஒரு சொல்லு சொன்னதில்லை."

"உங்ககிட்ட சொல்லி என்னத்துக்குன்னு விட்டிருப்பாக"ன்னான் சொரிமுத்து.

"சவத்து மூதி, கேளு. பஞ்சு வெச்சு, பெட்டிய மூடி, திரும்பவும் போட்டேன். மெதுவாத்தான் வெச்சேன், காது கூசாத அளவுக்கு. எங்க வீட்டுச் சுவத்துல இருந்த பல்லியெல்லாம் பொத்து பொத்துன்னு விழுந்துச்சு. எதுத்த வீட்டு அம்மா மோர்ப் பானையத் தொறந்து பாக்கா, வெண்ண தெரண்டு மேல நிக்கி. மத்தே போடலை! அந்தம்மா மத்த எடுத்து அடுப்புல வெச்சு எரிச்சிட்டா. அன்னையிலருந்து எங்க தெருவுல எவ வீட்டுலயும் மத்துக் கெடையாது. காலையில பானையக் கொண்டாந்து எங்க திறந்த வாசல்ல வரிசையா வெச்சிட்டுப் போவாளுவ. நான் ஒரு பாட்டு போடுவேன். பாட்டு முடியுமுன்ன வெண்ண."

"என்ன பாட்டு?"ன்னு டீச்சர் கேட்டாங்க.

"எருமைப் பாலுன்னா தவில். பசும்பாலுக்கு மிருதங்கம் போதும்."

இதுக்கு டீச்சர் சிரிச்சிட்டாங்க. சிரிச்சதுதான் தப்பு. மனுசனுக்கு அது எண்ணெய் ஊத்தின மாதிரி ஆகிப்போச்சு.

"தேங்காய்க்கு வருவோம்"னாரு.

"வேண்டாம் அண்ணாச்சி"ன்னேன்.

"தெருவுல மரம் ஏற ஆளு கெடையாது பாய். சத்தத்த ஒரு திருகு கூட்டுனா எளநி விழும். இன்னொரு திருகு வெச்சா நெத்துத் தேங்கா மட்டும் விழும். நடுவுல வெச்சா மட்டைக மட்டும் கழண்டு விழும். கை பழகிப் போச்சு. ஒருநா கொஞ்சம் கூடுதலாத் திருகிட்டேன். மரம் குனிஞ்சு வந்து தேங்காயக் கையில குடுத்துட்டு நிமிந்துச்சு."

"கனகசபாபதி என்ன சொன்னாரு?" சொரிமுத்துவுக்கு அவரு மேல ஒரு அக்கறை வந்திருந்துச்சு.

"அவரு என்ன சொல்லுவாரு? அவரு செட்டு எம் பெட்டியப் பாத்த அன்னைக்கே பேச்ச நிறுத்திக்கிடுச்சு. பாட்டுப் போட்டா மொத வரியோட விக்கும். கம்பெனி ஆளு வந்து பிரிச்சுப் பாத்துட்டு, 'சார், இதுக்கு ஒண்ணும் கோளாறு இல்லை, வெக்கப்படுது'ன்னு சொல்லிட்டுப் போனான். அப்பவும் அந்த மனுசனுக்கு கர்வம் அடங்கலை. மதிலுகிட்ட வந்து, 'கார்ல கெடந்தது கார்ல கெடந்ததுதான்'னாரு. சொன்ன வாரத்துலயே அவருக்கு கல்லடைப்பு வந்துச்சு."

"யாருக்கு, உங்களுக்கா?"ன்னான் சொரிமுத்து.

"அவருக்குலே! கிட்னியில கல்லு. சாதாரணக் கல்லு இல்லை, படம் எடுத்துப் பாத்த டாக்டரு, 'இத அம்மியாப் போட்டுக்கிடலாம்'னாரு. வலி தாங்காம மனுசன் தரையில உருளுதாரு. கீறித்தான் எடுக்கணும்னுட்டாக. கீறுதுக்குப் பயம். அந்தக் கனகசபாபதி, கொசுவத்தி வெச்ச கனகசபாபதி, எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்காரு. 'கொம்பையா, ஒன் பாஸ் கொஞ்சம் கெடைக்குமா?'ன்னு கேக்காரு."

அண்ணாச்சி இதை எந்திரிச்சு நின்னுதான் சொன்னாரு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு கனகசபாபதி நின்ன நெலைமையை நடிச்சுக் காட்டினாரு. நெசமாவே ஒரு வலி அந்த மூஞ்சியில வந்துச்சு. புளுகுறதுல ஒரு நேர்மை இருந்துச்சுன்னு ஒத்துக்கணும்.

"நான் உடனே குடுக்கலை. 'என்ன சார், கொசுவுக்கு வைத்தியம் பாத்தவரு, ஒமக்கு வைத்தியம் பாக்க கொசுகிட்டயா வந்தீரு?'ன்னு கேட்டேன். கண்ணுல தண்ணி விட்டுட்டாரு. எனக்கும் மனசு கேக்கலை. பெட்டிக்கு முதுகக் காட்டி உக்கார வெச்சு, தவில் தனியாவர்த்தனம் ஒண்ணப் போட்டேன். மொத அடியில கல்லு ரெண்டாச்சு. ரெண்டாவது அடியில சல்லி. முத்தாய்ப்பு வரும்போது மாவு. மனுசன் எந்திரிச்சு ஒண்ணுக்குப் போயிட்டு வந்து எங் காலப் பிடிச்சாரு. மறுநா காலையில எங்க தெருவுல முதுகக் காட்டிக்கிட்டு ஒரு வரிசை நிக்கி பாரு! வரிசையில கடைசியா யாருன்னு நெனைக்கிய? கீறணும்னு சொன்ன அதே டாக்டரு. அவருக்கும் கல்லு."

"அதெப்படி அண்ணாச்சி?"ன்னு டீச்சர் விடலை. "கல்லை உடைக்கிற சத்தம் சட்டியைப் பானையை உடைக்காதா? உங்க வீடு எப்படி நின்னுச்சு?"

"நல்ல கேள்வி. சயன்ஸ் ஒங்களுக்குப் பொஸ்தகத்துல இருக்கு, எனக்கு வீட்டுச் சுவத்துல இருந்துச்சு. வீடு நிக்கலை. தாளத்துக்குத் தகுந்த மாதிரி ஆடிக்கிட்டே நவுந்துச்சு. இப்ப நாங்க இருக்க வீடு முன்னால இருந்த எடத்துல இல்லை. அடுத்த மனையில இருக்கு. பத்திரம் பழைய மனைக்குத்தான் இருக்கு, அந்த வழக்கு ஓடிக்கிட்டிருக்கு."

சொரிமுத்து தலையில கையை வெச்சுக்கிட்டான். நான் ரெண்டாவது பெட்டிக்கு மூடி அடிச்சுக்கிட்டிருந்தேன், ஆணி வளைஞ்சு போச்சு.

"நவுந்ததுல ஒரு நல்லதும் நடந்துச்சு"ன்னு அண்ணாச்சி ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிட்டாரு, என் பாட்டில்ல. "பின்னால வத்திப் போயிக் கெடந்த போர்க் கெணத்து மேல ஒரு பெட்டி போயி உக்காந்துச்சு. பாஸ் அந்த ஓட்டைக்குள்ள எறங்கிருச்சு. பூமிக்கு அடியில தூங்கிக் கெடந்த தண்ணி, யாரோ கதவத் தட்டுதாகன்னு நெனச்சு எந்திரிச்சு வந்துச்சு பாருங்க, மோட்டாரே வேண்டாம். மேல்மாடித் தொட்டிக்கே நேரா ஏறிச்சு. குளிக்கப் போனா தண்ணி தாளம் போட்டுக்கிட்டே விழும்."

"அந்தத் தண்ணியில ஒரு முழுக்குப் போட்டா எனக்கும் உங்கள மாதிரி வாய் வருமா?"ன்னான் சொரிமுத்து.

"ஒனக்கு வராதுலே. அதுக்கெல்லாம் சரக்கு இருக்கணும்."

இதுக்குள்ள நான் ரெண்டு பெட்டியையும் முடிச்சு ஒயர் இழுத்துட்டேன். டீச்சர் கொண்டு வந்த ஆம்ப்ளியைத் திருப்பிப் பாத்தா, அந்த எலக்ட்ரீசியன் செஞ்ச இன்னொரு வேலையும் தெரிஞ்சுது. ஒரு ஸ்பீக்கருக்குப் பிளஸ் மைனஸ் சரியா இருக்கு, இன்னொண்ணுக்குத் தலைகீழா மாட்டியிருக்கான். "பாருங்க டீச்சர், ஒண்ணு வெளிய தள்ளும்போது இன்னொண்ணு உள்ள இழுத்துக்கிட்டிருந்திருக்கு. அப்புறம் பாஸ் எங்க இருந்து வரும்?"

சொல்லியிருக்கவே கூடாது. அண்ணாச்சி கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு ஆயிருச்சு.

"அது! பாய், வாழ்க்கையில மொத தடவையா ஒரு உருப்படியான வார்த்த சொன்னீரு. நான் ஒருநா ரெண்டு பெட்டிக்குமே மைனஸ மாத்திக் குடுத்துட்டேன், தெரியாம. சுவிட்சப் போட்டேன். ஒரு சத்தமும் வரலை. ஒரு சத்தமும்னா, ஒண்ணுமே. வெளிய வந்து பாக்கேன், தெருநாய் வாயத் தொறந்து தொறந்து மூடுது, கொலைக்கலை. பஸ்ஸு வருது, ஹாரன அமுக்குதான், கப்சிப். பள்ளிக்கூடத்துல பிள்ளைக வாய்ப்பாடு சொல்லுது, மீனு மாதிரி வாய் மட்டும் ஆடுது. வெளிய போக வேண்டிய பாஸ் உள்ள இழுக்கு டீச்சர்! ஊருச் சத்தம் பூராவும் எம் பெட்டிக்குள்ள வந்து விழுது. எம் பொண்டாட்டி முன்னால வந்து நின்னு கைய ஆட்டி ஆட்டி ஏசுதா. மூஞ்சி செவந்து போச்சு. எங் காதுல ஒரு சொட்டு விழலை. கல்யாணம் ஆனதுலருந்து அவ அழகா இருக்கான்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் மாத்தினீக? அப்படியே விட்டிருக்கலாமே?"ன்னான் சொரிமுத்து.

"பெட்டி தாங்கணுமே! ஊருச் சத்தத்தக் குடிச்சுக் குடிச்சு, வயிறு ஊதின மாடு மாதிரி ரெண்டும் வீங்கிருச்சு. தேக்குப் பலகை மொறுக் மொறுக்குங்குது. வெடிச்சா ஜில்லா தாங்காது. லாரி வெச்சு ஏத்தி, மணப்பாட்டுக் கடற்கரைக்குக் கொண்டு போனேன். போற வழியில லாரி டிரைவர் தும்மினான், அந்தத் தும்மலும் உள்ள போயிருச்சு. கடல் அப்பல்லாம் கொளத்துத் தண்ணி மாதிரி இருக்கும் டீச்சர், சும்மா தளும்பிக்கிட்டு, ஒரு சத்தம் கெடையாது. வயசானவங்களக் கேட்டுப் பாருங்க. பெட்டி ரெண்டையும் கட்டுமரத்துல வெச்சு நடுக்கடலுக்குக் கொண்டு போயி, மைனஸ ஒழுங்கா மாத்தி, அப்பிடியே தண்ணியில எறக்கி விட்டுட்டேன்."

அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக்கிட்டாரு. கையை எங்க எல்லாரு மேலயும் அலை மாதிரி ஒரு தடவை ஓட்டினாரு.

"இன்னைக்கும் அது உள்ள கெடந்து அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. நீங்கள்லாம் கடற்கரைக்குப் போயி சுண்டலைத் தின்னுக்கிட்டு, அலை அடிக்குது அலை அடிக்குதுங்கியளே... தொம்... தொம்...னு. அது அலை இல்லை. அது எம் பாஸ்."

சொரிமுத்து என் தண்ணி பாட்டிலை எடுத்து அவருகிட்ட நீட்டினான். அண்ணாச்சி நாற்காலியில நல்லா சாஞ்சு உக்காந்து, அடியில கெடந்த என் பேப்பரை உருவி விசிறிக்க ஆரம்பிச்சாரு.

நான் ரெண்டு பெட்டியையும் சுவரோரமா மூலைக்கு ஒண்ணா வெச்சு, ஆம்ப்ளியைப் போட்டேன். டீச்சர் போன்ல ஒரு பழைய கச்சேரிப் பாட்டை எடுத்துக் குடுத்தாங்க. எனக்குக் கொஞ்சம் பயம்தான். என்ன இருந்தாலும் தாளம் வருதா இல்லையான்னு சொல்ல வேண்டியது பெரியவர். அவரு இன்னைக்கும் "இது இல்லை"ன்னுட்டா, அந்த வீட்ல சோறு எறங்காது.

பாட்டு ஆரம்பிச்சுது. குரல் வந்துச்சு, வயலின் வந்துச்சு. அப்புறம் மிருதங்கம் விழுந்துச்சு. கும்முன்னு, தரையில இருந்து மேல வர்ற மாதிரி. பல்லி ஒண்ணும் விழலை, தேங்காயும் விழலை. மேஜை மேல இருந்த திருப்புளி மட்டும் லேசா அதிர்ந்துச்சு. ஒரு அளவான, நெறைஞ்ச தாளம்.

பெரியவர் கைத்தடியில இருந்த வெரலுக தானா அசைய ஆரம்பிச்சுது. கொஞ்சம் கொஞ்சமா தலை சாஞ்சுது. வலது காலு ஆக்சிலேட்டரை மிதிக்கிற மாதிரி லேசா முன்னால போச்சு.

"இது நம்ம காருதான்"னாரு.

டீச்சர் அந்தப் பக்கம் திரும்பி, ஜன்னல் வழியா ரோட்டைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. "அப்ப நான் ஏமாறலைல்ல?"ன்னு அங்கிருந்தே கேட்டாங்க.

"வீட்டுக்குப் போயி சோத்தைப் போடு. பசிக்கு"ன்னாரு அப்பா.

அந்த எடத்துல எந்த மனுசனும் வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பான். கொம்பையா அண்ணாச்சி காதைக் குடைஞ்சுக்கிட்டே பெட்டி ரெண்டையும் ஒரு பார்வை பாத்தாரு.

"இதெல்லாம் ஒரு பாஸா பாய்? எம் பெட்டி ஏப்பம் விட்டா இத விடச் சத்தமா வரும். டீச்சர், நீங்க வெவரம் தெரியாம இங்கன வந்து நேரத்த வீணாக்கிட்டிய. ஒரு வார்த்த என்கிட்டக் கேட்டிருந்தா... ஆனா என்ன செய்ய, என் பெட்டிதான் கடல்ல கெடக்கே."

அதுவரைக்கும் அவருகிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசாத பெரியவர், பாட்டை நிறுத்தச் சொல்லி கையைக் காட்டினாரு. நான் நிறுத்தினேன். மூஞ்சியை மெதுவா அண்ணாச்சி இருக்கிற பக்கமாத் திருப்பினாரு.

"ஏன்வே, கடல்ல பெட்டிய மட்டும் போட்டுட்டு நீரு ஏன் திரும்பி வந்தீரு?"